நனைய மறுத்த மணல்

அத்தியாயம் 5

"கொஞ்சம் நிமிந்து பாருங்க பழனாயக்கா" என்று சொன்னபோதுகூடத் தரணீதரன் மரியாதையாகத்தான் சொன்னார். கொங்கு நாட்டில் ஒருவருடைய பிழைப்பைக் கெடுப்பதாக இருந்தாலும் 'ங்க' போட்டுத்தான் கெடுப்பார்கள்.

பழனாயி நிமிர்ந்தார். முதலாளியின் செல்போன் ஒருமுறை மின்னியது. படம் சரியாக விழவில்லை போலிருக்கிறது, இன்னொரு தரம் எடுத்தார்.

சாமளாபுரம் போகிற வழியில் இருக்கும் அந்தப் பனியன் கம்பெனியில் இருபது வருஷமாக ஸ்டோர் கீப்பர் பழனாயி. நூல், பட்டன், சாயம், சாப்ட்னர் எது வந்தாலும் அவர் கண்ணில் படாமல் உள்ளே போகாது. அப்படிப்பட்டவரைத் தொழிலாளர்கள் எட்டிப் பார்க்கிற கண்ணாடி அறையில் உட்கார வைத்திருந்தார்கள்.

ஓரத்து நாற்காலியில் சரிந்து கிடந்த துப்பறிவாளர் வேல்குமார் அரைக் கண்ணைத் திறந்தார். மூன்று நாளாக ஒரு கல்யாண மாப்பிள்ளையின் பின்னால் அலைந்து, அவர் யோக்கியர்தான் என்று கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு, அந்தக் களைப்போடு நேராக இங்கே வந்திருந்தார். ஒரு காலத்தில் துணி பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவர். சாயம் போகிறதா என்று துணியைத் தேய்த்துத் தேய்த்து அலுத்துப் போய் இந்தத் தொழிலுக்கு வந்தார். இப்போது இதுவும் அலுத்துவிட்டது.

"எதுக்குங்க போட்டோ?" என்றார்.

"ஓனர்ங்க வாட்ஸ்அப் குரூப் ஒண்ணு இருக்குதுங்க. அவிநாசி, பல்லடம்னு இந்தச் சுத்துல இருக்கற கம்பெனிக பூராம் அதுல. கைவரிசை காட்டறவிங்க போட்டோவ அதுல போட்டுருவோம். 'இவரை யாரும் வேலைக்கு எடுக்க வேண்டாம்'னு ரெண்டு வரி. அப்புறம் எந்த கேட்டையும் தாண்ட முடியாதுங்க."

"சாருங்க" என்று பழனாயி முதன்முறையாக வாயைத் திறந்தார். "எம் பொண்ணு ஜனனி வேலை பாக்கற கம்பெனி ஓனரும் அந்தக் குரூப்புல இருக்காருங்க."

தரணீதரன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன காணாமப் போச்சு?" என்று கேட்டாள் வேல்குமாரின் உதவியாளர் சண்முகப்பிரியா. கையில் கம்பெனி கொடுத்த முறுக்கு. கேஸ் ஜெயித்தாலும் தோற்றாலும் முறுக்கு மிச்சம் என்பது அவள் கொள்கை.

"சிலிக்கான் சாப்ட்னருங்க. அஞ்சு ட்ரம்மு. துணியக் கடைசியா இதுல முக்கி எடுத்தாத்தான் மெதுமெதுன்னு இருக்கும். வெளிநாட்டுப் பையர் கேட்டான்னு புதுசா வாங்குனது. மைக்ரோ எமல்ஷனோ என்னமோ பேரு சொன்னாங்க. பழசைவிட நாலு பங்கு வெலைங்க."

"நீங்க பாத்தீங்களா அதை?" என்றார் வேல்குமார்.

"ட்ரம்மைப் பாத்தனுங்க. மூடியத் தொறந்து பாக்கறது சாய மாஸ்டர் வேலையில்லீங்களா? அவரும் இன்னும் தொறக்கலை."

"எங்க வச்சிருந்தீங்க?"

"பின்னால ஷெட்டுலீங்க" என்றார் பழனாயி. "ஸ்டோர்ல எடமில்லைன்னு சார்தான் அங்க வெக்கச் சொன்னாரு. நான் போன வாரமே சேவூருக்கு அக்கா மக கல்யாணத்துக்குப் போயிட்டு இன்னைக்குக் காலைலதானுங்க வந்தேன். வந்து பாத்தா ஒண்ணுகூட இல்லை. நாந்தானுங்க ஓடி வந்து சார்கிட்டச் சொன்னேன்."

"திருடறவிங்கதான் மொதல்ல சத்தம் போடுவாங்க" என்றார் தரணீதரன். "அந்த ட்ரம்மோட வெலை தெரிஞ்சது எனக்கும் இவிங்களுக்கும் மட்டுந்தானுங்க. இவிங்க தம்பி வீரபாண்டியில பழைய ட்ரம் யாவாரம் பண்றாரு. இதுக்கு மேல என்னங்க வேணும்? நீங்க ஒரு வார்த்தை கன்ஃபார்ம் பண்ணிக் குடுத்தாப் போதும்."

"கன்ஃபார்ம் பண்றதுக்கு ரப்பர் ஸ்டாம்ப் போதுமே சார், எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்றாள் பிரியா.

வேல்குமார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "பொழுதோட சொல்றேன். அதுவரைக்கும் அந்தப் போட்டோ உங்க போன்லயே இருக்கட்டுங்க."

"சரிங்க" என்றார் தரணீதரன். ரொம்பச் சுலபமாகச் சொன்னார்.

* * *

வீரபாண்டியில் பழனாயியின் தம்பி கடையில் நானூறு ட்ரம் இருந்தது. அத்தனையும் நீலம். வெயிலில் ஒவ்வொரு ட்ரம்மாகக் குனிந்து முகர்ந்து பார்த்து முடிக்க மதியம் ஆகிவிட்டது. கேட்ட கேள்விக்கெல்லாம் அந்தத் தம்பி பதில் சொன்னார், மோர் கொடுத்தார், கடைசியில் அழுதார். அங்கே திருட்டு இல்லை என்பது வேல்குமாருக்கு மோர் குடிக்கும்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் மிச்ச ட்ரம்களை முகர்ந்தார். கடமை என்றால் அப்படித்தான், உடம்பு கெஞ்சினாலும் விடாது.

திரும்பி வந்து கம்பெனியின் பின்பக்க ஷெட்டில் நின்றார்கள். தகரக் கூரை. ஒரு பக்கம் லாரித் தண்ணீர் நிரப்பி வைத்த நீல ட்ரம்கள். இன்னொரு பக்கம் தரையில் தூசி படியாத ஐந்து வட்டங்கள்.

"ட்ரம்மு போயிருச்சு, கோலம் மட்டும் இருக்கு" என்றாள் பிரியா.

"இழுத்த தடம் இருக்குதா பாரு."

"இல்லண்ணா. உருட்டவும் இல்லை. இந்த எடையைத் தூக்கிட்டா போவாங்க? பேய் பிசாசுகூட ரெண்டு பேரைக் கூட்டிட்டு வரணும்."

"கொட்டின கறை?"

"அதுவும் இல்லை. சாப்ட்னர்னா பால் மாதிரி வெள்ளையா இருக்கும். கீழ சிந்தினா காஞ்சு வெள்ளையாத் திட்டுத் தெரியும். தரை சுத்தமா இருக்கு. வாட்ச்மேனும் அதையேதான் சொல்றாரு. வெள்ளையா எதையும் யாரும் எடுத்துட்டுப் போகலையாம்."

வேல்குமார் அங்கே கிடந்த ஒரு மர ஸ்டூலைக் கண்டு அதில் உட்கார்ந்துகொண்டார். இனி எழுந்திருப்பதில்லை என்ற தீர்மானம் முகத்தில் தெரிந்தது. ஷெட்டுக்கு எதிரில் புதிதாக ஒரு ஹால் எழும்பிக்கொண்டிருந்தது. தைத்த பனியன்களைச் சரிபார்த்து மடிக்க அது. கொத்தனார்கள் சுவருக்குப் பூச்சு பூசிக்கொண்டிருந்தார்கள், அல்லது பூச முயன்றுகொண்டிருந்தார்கள். ஏனென்றால் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கை அகலப் பூச்சு சுவரிலிருந்து கழன்று தொப்பென்று கீழே விழுந்தது.

"இது நாலாவது தடவைங்கய்யா" என்று சொல்லிக்கொண்டே வந்தார் மேஸ்திரி ராக்கையா. அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரர். டீக்கு நேரமாகியிருந்தது. "சிமெண்டை மாத்திப் பாத்துட்டேன், ஆளை மாத்திப் பாத்துட்டேன். ஒட்ட மாட்டேங்குது. முப்பது வருசமாக் கரண்டி பிடிக்கிறேன், இப்படி அசிங்கப்பட்டதில்ல."

தோளில் கிடந்த துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்தார். வியர்வை துண்டில் போகாமல் நெற்றியில் இடம் மாறியது. மறுபடி துடைத்தார். இந்தத் தடவை அது காதுப் பக்கம் ஒதுங்கியது.

"ஏங்க, துண்டு வேலை செய்யலையா?" என்றாள் பிரியா.

"இதுவும் நாலு நாளா இப்படித்தாம்மா. தொட்டுப் பாரு, பட்டு மாதிரி இருக்கும். ஆனா ஒரு சொட்டு வேர்வையை எடுக்காது."

பிரியா தொட்டுப் பார்த்தாள். "அண்ணா, இது எக்ஸ்போர்ட் குவாலிட்டிண்ணா. நம்ம ஊட்டுல இருக்கற துண்டெல்லாம் உப்புக் காகிதம்."

ராக்கையா இரண்டு டம்ளர் டீயை நீட்டினார். வேல்குமார் வாங்கினார். வாங்கும்போது அவருடைய விரல்கள் மேஸ்திரியின் உள்ளங்கையில் பட்டன. டீயை வாய்க்குக் கொண்டு போகாமல் அப்படியே நிறுத்திவிட்டார்.

"கையைக் காட்டுங்க."

"என்னத்துக்குங்கய்யா? எனக்கு ஜோசியத்துல நம்பிக்கை இல்ல."

"சும்மா காட்டுங்க."

காட்டினார். சிமெண்டிலும் சுண்ணாம்பிலும் முப்பது வருஷம் புழங்கிய கை. வெடித்துக் கிழிந்து கிடக்க வேண்டியது. அது பிறந்த குழந்தையின் பாதம் மாதிரி வழவழவென்று இருந்தது.

"அதாங்கய்யா எனக்கும் அதிசயமா இருக்கு" என்றார் ராக்கையா வெட்கத்தோடு. "வெடிப்பெல்லாம் மூடிக்கிருச்சு. என் பொஞ்சாதி போன்ல படத்தைப் பாத்துட்டு, வேலைக்குப் போறியா வேறெங்கயாச்சும் போறியான்னு கேக்கா."

வேல்குமார் டீயைக் கீழே வைத்தார். எழுந்திருப்பதில்லை என்ற தீர்மானத்தை ஒரு பெருமூச்சோடு கைவிட்டார்.

* * *

"பிரியா, உன் பாட்டில்ல தண்ணி இருக்குதா?"

"இருக்கு. குடிக்கவா?"

"மணலுக்கு."

ஹாலை ஒட்டி எம்-சாண்ட் குவித்திருந்தார்கள். பாறையை உடைத்துப் பொடி செய்த மணல். சித்திரை வெயிலில் அது கிடந்த கிடப்புக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாலும் சத்தமில்லாமல் குடித்துவிட வேண்டும்.

பிரியா பாட்டிலைச் சாய்த்தாள். தண்ணீர் மணலில் விழுந்தது. உள்ளே போகவில்லை. சின்னச் சின்ன முத்துகளாகத் திரண்டு, குவியலின் சரிவில் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு உருண்டோடிக் கீழே வந்து நின்றது. அது போன வழியில் விரலை விட்டுப் பார்த்தாள். மணல் காய்ந்து கிடந்தது.

"என்னண்ணா இது? மணல் குடை பிடிக்குது!"

"அந்தப் பக்கம் ஊத்து."

குவியலின் மறுபக்கம் நேற்று வந்து இறங்கிய லோடு. அங்கே ஊற்றினாள். தண்ணீர் விழுந்த இடத்திலேயே காணாமல் போனது, மணல் கறுத்தது, அவ்வளவுதான்.

வேல்குமார் குவியலின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பேன்ட் அழுக்காவதைப் பற்றிய கவலையெல்லாம் அவருக்குப் போய் வெகு காலம் ஆயிற்று.

"சாப்ட்னர்ங்கறது ஒரு வகை எண்ணெய், பிரியா. எண்ணெயும் தண்ணியும் சேராது. சேத்து வைக்க நடுவுல ஒரு தரகர் வேணும். சர்ஃபாக்டன்ட்னு பேரு. ஒரு கையால தண்ணியப் பிடிச்சுக்குவார், இன்னொரு கையால எண்ணெயப் பிடிச்சுக்குவார். சோப்புல இருக்கறவரும் அவருக்குச் சொந்தக்காரர்தான்."

"புரியுது. கல்யாணத் தரகர் மாதிரி. ரெண்டு பக்கமும் நல்லவர்."

"சாதா சாப்ட்னர்ல தரகர் கம்மி. எண்ணெய்த் துளி பெருசா இருக்கும், அதான் பாலாட்டத் தெரியும். மைக்ரோ எமல்ஷன்ல தரகர்களை அள்ளிப் போட்டிருப்பாங்க. துளி பொடிப்பொடியா உடைஞ்சிரும். எவ்வளவு பொடின்னா, வெளிச்சமே அது மேல இடிக்காம நேராப் போயிரும்."

பிரியா வாயில் முறுக்கோடு நின்றுவிட்டாள். "அப்போ பாக்கறதுக்கு..."

"பச்சைத் தண்ணி. நாம காலைல இருந்து வெள்ளையாத் தேடிட்டிருக்கோம்."

"அந்தத் தண்ணிய மணல்ல ஊத்தினா?"

"அங்கதான் வம்பு. மணலோட மேற்பரப்பு ஒரு மாதிரி. இந்தத் தரகரோட தலையைக் கண்டா இழுத்து ஒட்ட வச்சுக்கும். அவரும் தண்ணியோட இருந்த ஒப்பந்தத்த விட்டுட்டு, ஒவ்வொரு மணலையும் போய்க் கட்டிப் பிடிச்சுக்குவார். எண்ணெயப் பிடிச்சிருந்த கை வெளிப்பக்கமா நீட்டிட்டு நிக்கும். அந்தக் கைக்குத் தண்ணியக் கண்டா ஆகாது. கூட இருந்த எண்ணெயும் மேல படிஞ்சிருக்கும். காஞ்சு போச்சுன்னா மணல் ஒவ்வொண்ணுக்கும் மழைக்கோட்டு போட்டாப்பல."

"தரகர் கட்சி மாறிட்டார்னு சொல்லுங்க."

"கட்சி மாறினது மட்டுமில்லை, சிமெண்டு தண்ணியையும் கிட்ட விடமாட்டேங்கறார். அதான் பூச்சு நிக்கலை."

"சரி, திருடினவன் எதுக்குண்ணா மணல்ல ஊத்தணும்? நாலு பங்கு வெலை உள்ளதைத் தூக்கிட்டு வந்து மணலுக்கு எண்ணெய்க் குளியலா?"

வேல்குமார் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூசுகிற உயரத்துக்கு ஏறி நிற்கக் கொத்தனார்கள் பலகை போட்டிருந்தார்கள். பலகைக்கு முட்டுக் கொடுக்க ட்ரம்கள். சிமெண்ட் தெறித்துத் தெறித்து அவை சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டிருந்தன. காலையில் இதே பலகைக்கு அடியில் அவரும் பிரியாவும் குனிந்து போனார்கள். தரணீதரன் தினமும் போய் வருகிறார்.

எழுந்து போய் ஒரு ட்ரம்மின் மேல் காய்ந்திருந்த சிமெண்டைச் சாவியால் சுரண்டினார். நீலம் தெரிந்தது. இன்னும் சுரண்டினார். மைக்ரோ எமல்ஷன் என்று அச்சடித்த புதுச் சீட்டு. தேதி போன மாதத்தது.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று எண்ணிய பிரியா அஞ்சில் நிறுத்தினாள். "நானூறு ட்ரம்மை முகந்து பாத்தமே அண்ணா! இன்னும் மூக்குல அந்த நாத்தம் போகலை."

வேல்குமார் சந்தோஷப்படவில்லை. கண்டுபிடித்த பொருளைவிடக் கண்டுபிடிக்கப் போகும் ஆளை நினைத்துத்தான் அவருக்கு எப்போதும் சோர்வு வரும். இருபது வருஷம் நல்லபடியாக இருந்துவிட்டு ஒருநாள் தவறியவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். மேஸ்திரியைக் கூப்பிட்டார்.

"ராக்கையா, சாப்ட்னர் காணோம்னு காலைல எல்லாரையும் விசாரிச்சாங்களே, நீங்க என்ன சொன்னீங்க?"

"கெமிக்கல் ட்ரம்மைப் பாத்தியான்னாங்க. பாக்கலைன்னேன். நெசமாவே பாக்கலைங்கய்யா."

"இது என்ன?"

"தண்ணி ட்ரம்மு. போன வாரம் லாரித் தண்ணி வரலைங்க. வேலை நிக்கப் போவுதேன்னு இதுல இருந்த தண்ணிய எடுத்தோம். மணலை நனைச்சோம், கலவை போட்டோம், சுவத்துக்கு அடிச்சோம், கை கால் கழுவுனோம். துண்டு அலசுனோம். தூக்குனதும் நாலு பேராத்தான், உருட்டுனா மூடி தெறிச்சிரும்னு. காலி ட்ரம்மு சும்மாக் கெடந்துச்சு, சாரத்துக்குப் போட்டுக்கிட்டோம்."

"மேல இங்கிலீஷ்ல பேர் எழுதியிருக்குமே?"

"அய்யா, இந்த ஊருல குடிதண்ணி வச்சிருக்க ட்ரம்முலயும் இங்கிலீசுதான் எழுதியிருக்கு. எல்லாம் பழைய கெமிக்கல் ட்ரம்முதான. அதைப் பாத்தா தண்ணி குடிக்க முடியுமா?"

"நுரை வந்திருக்குமே?"

"வந்துச்சு. பொங்கப் பொங்க வந்துச்சு. லேசாப் புளிச்ச வாடையும் அடிச்சது." ராக்கையா தோளைக் குலுக்கினார். "திருப்பூருத் தண்ணிதானேன்னு நெனச்சோம். நான் வந்த புதுசுல பாலத்து மேல நின்னு ஆத்தைப் பாத்தேன், ஆள் உசரத்துக்கு நுரை போச்சு. இங்க தண்ணி நுரைக்கலைன்னாத்தான் எங்களுக்குப் பயமா இருக்கும்."

பிரியாவுக்குச் சிரிப்பு வந்தது. வேல்குமாரின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"எடுத்துக்கச் சொன்னது யாரு?" என்றார் வேல்குமார். "பழனாயியா?"

"அந்தம்மா ஊருலயே இல்லையேய்யா. ஓனர்தான். போன்ல கேட்டேன். ஏர்போர்ட்ல இருக்கேன்னாரு. 'ஷெட்டுல நீல ட்ரம்முல தண்ணி இருக்குது பாருங்க, எடுத்துக்கங்க'ன்னாரு. நாங்க கிட்டத்துல இருந்த அஞ்சை எடுத்தோம்."

* * *

தரணீதரனை ஹாலுக்கே வரச் சொன்னார் வேல்குமார். கண்ணாடி அறைக்கு மறுபடி நடக்க அவரால் முடியவில்லை. பழனாயியையும் கூட்டிவரச் சொன்னார்.

தரணீதரன் மணலில் தண்ணீர் உருளுவதைப் பார்த்தார். ட்ரம்மின் சீட்டைப் பார்த்தார். ராக்கையா சொன்னதைக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் சிவந்து, வெளுத்து, கடைசியில் ஒரு அசட்டுச் சிரிப்பில் வந்து நின்றது.

"சாப்ட்னர்னா வெள்ளையாத்தானுங்க இருக்கும்? எங்கப்பா காலத்துல இருந்து வெள்ளையாத்தானே பாத்திருக்கேன்!"

"மூடியத் தொறந்து பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்குமுங்க" என்றார் வேல்குமார்.

"தெரியாம நடந்து போச்சு. பெருசு பண்ண வேண்டாமுங்க. ஸ்டாஃபுக்குத் தெரிஞ்சாச் சிரிப்பாங்க." பழனாயியிடம் திரும்பினார். "அக்கா, நீங்க நாளையிலிருந்து எப்பவும் போல வந்துருங்க. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

பழனாயி தலையாட்டினார். அழவில்லை. காலையிலிருந்து உட்கார்ந்தே இருந்ததால் நிற்க முடியாமல் சுவரைப் பிடித்தார். பிடித்த இடத்தில் பூச்சு உதிர்ந்தது.

அப்போது அவர் இடுப்பில் செருகியிருந்த செல்போன் அடித்தது.

"சொல்லு கண்ணு" என்றார். அந்தப் பக்கம் பேசுவது கொஞ்சம் கொஞ்சம் வெளியே கேட்டது. இளம்பெண்ணின் குரல். வேகமாக ஆரம்பித்து, உடைந்து, ஒரு கேள்வியில் நின்றது. பழனாயி போனை அணைத்துவிட்டார்.

"என்னங்கம்மா?" என்றாள் பிரியா.

"ஜனனிங்க. எம் போட்டோ அவுங்க ஓனர் போன்ல இருக்குதாமா. ஆபீஸ்ல கூப்புட்டு, இது உங்கம்மாதானேன்னு காட்டுனாராமா."

எல்லோரும் தரணீதரனைப் பார்த்தார்கள்.

"ஒரு முன்ஜாக்கிரதைக்குங்க..." என்றார் அவர். "நீங்க அக்கட்ட போனதும் போட்டேன். எப்படியும் இவிங்கதான்னு..."

"பொழுதோட சொல்றேன்னு சொன்னேனுங்களே" என்றார் வேல்குமார். அவர் கோபப்பட்டால் குரல் இன்னும் தணிந்துவிடும். "சரின்னீங்களே."

"இப்பவே அழிச்சர்றனுங்க!" செல்போனை எடுத்தார். பிரியா எட்டிப் பார்த்தாள்.

"அழிங்க சார். முப்பத்தெட்டுப் பேர் பாத்தாச்சு. எத்தனை பேர் வேற குரூப்புக்கு அனுப்பினாங்களோ. உங்க மைக்ரோ எமல்ஷன் பரவாயில்லை, மணலோட நின்னுச்சு."

பழனாயி சுவரைவிட்டு நகர்ந்து முதலாளியின் எதிரில் வந்து நின்றார்.

"எம் புள்ள என்ன கேட்டா தெரியுங்களா சார்? யாரும்மா இப்படிப் பண்ணுனாங்கன்னு கேக்கலை. நீ எடுத்தியாம்மான்னு கேட்டா."

கொத்தனார்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். ராக்கையா தலையைத் திருப்பிக்கொண்டார். தரணீதரனுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"இப்ப நான் என்னக்கா பண்ணோணும்? சொல்லுங்க."

"அதே குரூப்புல நீங்க பேசிப் போடுங்க. எழுதறது வேண்டாம், உங்க குரல்ல. ட்ரம்மை எடுக்கச் சொன்னது நாந்தான்னு சொல்லுங்க. சாப்ட்னர் எது, தண்ணி எதுன்னு எனக்குத் தெரியலைன்னு சொல்லுங்க."

"அக்கா, அத்தனை ஓனருமாச் சேந்து சிரிப்பாங்க. மூணு தலைமுறையா இந்தத் தொழில்ல இருக்கறமுங்க..."

"சிரிக்கட்டுங்க சார். சிரிச்சா நாலு நாள்ல மறந்துருவாங்க. திருடின்னு சொன்னா மறக்க மாட்டாங்க."

தரணீதரன் துணைக்கு வேல்குமாரைப் பார்த்தார். வேல்குமார் மணல் குவியலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவரிடமிருந்து உதவி வராது என்று தெரிந்தது. பிரியா முறுக்குப் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "மைக் பட்டனை அமுத்திப் பிடிச்சுக்கோணும் சார்" என்றாள்.

அமுத்தினார். முதல் தடவை தொண்டையைச் செருமியதோடு விட்டுவிட்டார். இரண்டாம் தடவை, "நம்ம கம்பெனியில சின்ன மிஸ்அண்டர்ஸ்டேண்டிங்..." என்று ஆரம்பித்தார். பழனாயி "அப்படி இல்லீங்க" என்றார், அவ்வளவுதான். மூன்றாம் தடவைதான் முழுசாகச் சொன்னார். தண்ணி என்று நினைத்து எடுத்துக்கொள்ளச் சொன்னது, மணலில் ஊற்றியது, சுவர் நிற்காதது, பழனாயி ஊரிலேயே இல்லாதது எல்லாம் வந்தது. சொல்லி முடித்து அனுப்பியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பதில்கள் உடனே வர ஆரம்பித்தன. கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள், வரிசையாக. ஒருவர் தன் கட்டடத்துக்குக் கலவை போட ஐந்து ட்ரம் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். பிரியா அதை வாய்விட்டுப் படித்தாள். பழனாயி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கையிலிருந்த தன்னுடைய போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அது மறுபடி அடித்தது. திரையில் ஜனனியின் பெயர்.

அடிக்க விட்டார். பிறகு அதைத் தரணீதரனிடம் நீட்டினார்.

"நீங்களே பேசுங்க சார். நான் சொன்னா, அம்மா சமாளிக்கறான்னுதான் இன்னைக்கு நெனப்பா."

தரணீதரன் வாங்கினார். பொத்தானைத் தொட்டுக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் "அம்மா? அம்மா, பேசும்மா" என்ற குரல் எல்லோருக்கும் கேட்டது. ஒருமுறை பழனாயியைப் பார்த்தார். பழனாயி அவரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கண்ணு, நான் அம்மா வேலை பாக்கற கம்பெனி ஓனர் பேசறேன்" என்றார் தரணீதரன். "அம்மா எடுக்கலை கண்ணு. எடுத்தது நான்."